குப்பிக்குள் ஒரு குமிழி: கடலடி ஆக்சிஜன் விவகாரம், ஒரு சாயத்தண்ணி லேப்காரனின் பார்வையில்

திருப்பூர்ப் பக்கம் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பதினோரு வருசம் லேப் பார்த்தேன். சாயப்பட்டறைத் தண்ணி வரும், அதில் எத்தனை உப்பு, எத்தனை நிறம், எத்தனை ஆக்சிஜன் என்று அளந்து நோட்டில் எழுதுவது வேலை. கடலுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், திருச்செந்தூர் போனபோது கால் நனைத்ததைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனாலும் 2024 ஜூலையில் ‘நேச்சர் ஜியோசயின்ஸ்’ இதழில் வந்த ஒரு ஆய்வு என்னை விடமாட்டேன் என்கிறது, ஏனென்றால் அந்தச் சண்டை முழுக்க நான் தினமும் காலையில் செய்த ஒரு டெஸ்ட்டைப் பற்றியது. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளப்பது. எங்கள் பாஷையில் டிஓ.

பசிபிக் பெருங்கடலின் அடியில், சூரிய வெளிச்சம் எட்டிக்கூடப் பார்க்காத நாலு கிலோமீட்டர் ஆழத்தில், அங்கே கிடக்கும் கருப்பு உலோகக் கட்டிகளிலிருந்து ஆக்சிஜன் வருகிறது என்றது அந்த ஆய்வு. ‘இருட்டு ஆக்சிஜன்’ என்று உலகமே பேசியது. நம் யூடியூப் ஆட்கள் ‘உயிரின் தோற்றமே மாறிப்போச்சு’ என்று சிவப்பு அம்புக்குறி போட்டு ஓட்டினார்கள். அப்புறம் எதிர்ப்பு வந்தது, மறுப்பு வந்தது, மறுப்புக்கு மறுப்பு வந்தது. இதை ஒரு கேஸாக எடுத்து, என் லேப் மேசையில் வைத்துப் பிரித்துப் பார்த்தால் எப்படி இருக்கும் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் எங்கள் வாளி

பசிபிக்குக்குப் போகும் முன் எங்கள் நிலையத்தில் நடந்த ஒரு சின்னக் கூத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நான் சொல்வது பிடிபடாது.

ஏரேஷன் டேங்க் என்று ஒன்று உண்டு. சாயத்தண்ணியில் உள்ள அழுக்கைத் தின்னும் பாக்டீரியாவுக்கு அடியிலிருந்து ப்ளோயர் வைத்துக் காற்று ஊதிக்கொண்டே இருப்போம். லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஆக்சிஜன் நின்றால் போதும், அவை சந்தோசமாக வேலை செய்யும். ஒருநாள் விடியற்காலை ப்ளோயர் ட்ரிப் ஆகி நின்றுபோனது, நைட் ஷிப்டில் யாரும் கவனிக்கவில்லை. காலையில் புதிதாகச் சேர்ந்த பையன் சாம்பிள் எடுத்து வந்தான். டிஓ மீட்டரை விட்டால் 4.4. எனக்கே நம்பிக்கை இல்லாமல், மீட்டரை நம்பாதே என்று குப்பியில் பிடித்து டைட்ரேஷனும் (ரசாயனத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் முறை) போட்டேன். 4.6. ரெண்டு முறையும் ஒத்துப்போகிறது, அப்புறம் என்ன, எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன்.

ஷிப்ட் ஆபரேட்டர் அண்ணன் உள்ளே வந்தார். படிப்பு எட்டாவது, மூக்கு மட்டும் டாக்டரேட்.

“ஏனுங் தம்பி, டேங்க்கி பக்கம் போய் நின்னு பாத்தீங்களா? கூமுட்ட நாத்தம் வருது. நீங்க நாலரைனு எழுதறீங்க?”

“ரெண்டு விதத்துல பாத்துட்டேன்ணா. ரெண்டும் ஒண்ணுதான் சொல்லுது.”

“ரெண்டும் ஒரே வாளியத்தான பாத்துச்சு? அந்த வாளிய எப்படி எறக்குனானு கேளுங்க.”

கேட்டால், பையன் கயிறு கட்டிய வாளியை மேல் நடைபாதையிலிருந்து சடாரென்று போட்டு, பாதித் தண்ணியைத் தளும்பவிட்டு, மறுபடி முக்கி, ஆட்டிக்கொண்டே இழுத்து வந்திருக்கிறான். அந்தத் தளும்பலிலேயே காற்று கரைந்துவிட்டது. மீட்டரைக் கயிற்றில் கட்டி நேராக டேங்க்கிலேயே இறக்கிப் பார்த்தோம், 0.3. பாக்டீரியா மூச்சுத்திணறிக் கிடந்தது.

மீட்டர் பொய் சொல்லவில்லை, டைட்ரேஷனும் பொய் சொல்லவில்லை. வாளியில் இருந்த ஆக்சிஜன் நிஜம்தான். அது டேங்க்கின் ஆக்சிஜன் இல்லை, அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது பசிபிக்

ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் நடுவே கிளாரியன்-கிளிப்பர்டன் மண்டலம் என்று ஒரு பெரிய சமவெளி, கடலுக்கு அடியில் நாலாயிரம் மீட்டருக்கும் மேலான ஆழத்தில். அங்கே தரையெங்கும் கருப்பாகக் கட்டிகள் கிடக்கின்றன. சின்ன வெங்காயம் அளவிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டை பிரித்துக் கொட்டிய உருளைக்கிழங்கு அளவு வரைக்கும். ஒரு சுறாப் பல்லோ, கல் துணுக்கோ நடுவில் இருக்கும், அதைச் சுற்றி மாங்கனீசும் இரும்பும் படிந்து படிந்து வளரும், பத்து லட்சம் வருசத்துக்குச் சில மில்லிமீட்டர் என்ற கணக்கில். 1870களில் ‘சேலஞ்சர்’ என்ற பிரிட்டிஷ் கப்பல் உலகம் சுற்றியபோதே இவற்றை வாரி எடுத்துப் பார்த்துவிட்டார்கள். உள்ளே நிக்கல், கோபால்ட், செம்பு எல்லாம் உண்டு. அதனால்தான் கம்பெனிகளுக்கு நாக்கில் எச்சில்.

சின்ன வயதில் தீர்ந்துபோன டார்ச் லைட் பேட்டரியைக் கல்லால் உடைத்து, உள்ளே இருக்கும் கருப்புப் பொடியைக் கையெல்லாம் பூசி அம்மாவிடம் அடி வாங்கியவர்களுக்கு இந்தக் கட்டிகளில் இருப்பது ஏற்கெனவே தெரிந்த சாமான்தான். அந்தப் பொடியில் பெரும்பங்கு மாங்கனீசு டையாக்சைடு. பேட்டரி என்ற சொல் பின்னால் வரும்.

ஸ்காட்லாந்து கடல் அறிவியல் சங்கத்தின் ஆண்ட்ரூ ஸ்வீட்மேன் அங்கே செய்துகொண்டிருந்த வேலை, பெயரைக் கழித்துவிட்டுப் பார்த்தால், நாங்கள் போடும் பிஓடி டெஸ்ட்டேதான். நாங்கள் என்ன செய்வோம்? தண்ணியைக் குப்பியில் காற்றுப் புகாமல் அடைத்து, 27 டிகிரியில் மூணு நாள் இருட்டில் வைத்து, முதலில் எத்தனை ஆக்சிஜன் இருந்தது, கடைசியில் எத்தனை மிச்சம் என்று பார்ப்போம். குறைந்த அளவுதான் அழுக்கின் அளவு. அவர் குப்பிக்குப் பதிலாக ஒரு பெட்டியைக் கடலடிக்கு அனுப்புகிறார். லேண்டர் என்கிற அந்தச் சட்டம் தானாக இறங்கித் தரையில் உட்காரும், அதிலிருக்கும் அடி திறந்த பெட்டி சேற்றுக்குள் அழுந்தும், உள்ளே கொஞ்சம் சேறு, சில கட்டிகள், கொஞ்சம் தண்ணீர் அடைபடும். சேற்றிலுள்ள புழுவும் நுண்ணுயிரும் மூச்சு விட விட ஆக்சிஜன் குறைய வேண்டும். எங்கள் குப்பியில் குறைகிற மாதிரியே.

குறையவில்லை. ஏறியது.

2013இலேயே அவர் இதைப் பார்த்திருக்கிறார். சென்சார் கெட்டுப்போச்சு என்று முடிவு கட்டி, பெட்டியில் போட்டுத் தயாரித்த கம்பெனிக்கே திருப்பி அனுப்பச் சொன்னார். அங்கே சோதித்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. மறுபடி போனார், மறுபடி ஏறியது. இந்த இடத்தில் அந்த மனுசன் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது, ஏனென்றால் சந்தோசப்படாமல் சந்தேகப்பட்டிருக்கிறார், அதுவும் எட்டொன்பது வருசம். கடைசியில் சென்சார் வேண்டாம், வேறு வழியில் பார்ப்போம் என்று வின்க்லர் முறையில் (நான் குப்பியில் போட்ட அந்த டைட்ரேஷன்தான்) அளந்தார்கள். அதிலும் ஏறித்தான் இருந்தது. அப்புறம்தான் வெளியே சொன்னார்.

எண்களைப் பாருங்கள். ஆரம்பத்தில் லிட்டருக்கு 185 மைக்ரோமோல். உச்சத்தில் சில பெட்டிகளில் 201, அதிகபட்சம் 819. எங்கள் கணக்குக்கு மாற்றினால் 5.9 மில்லிகிராமாக இருந்தது சில பெட்டிகளில் 6.4, அதிகபட்சம் 26 மில்லிகிராம் வரை போயிருக்கிறது, ரெண்டே நாளில். 30 டிகிரி வெயிலில் நம் ஊர் நல்ல தண்ணியில் காற்றிலிருந்து எவ்வளவு கரைய முடியுமோ அது மொத்தமே ஏழரை. என் மேசையில் எவனாவது 26 என்று எழுதிக் கொண்டுவந்திருந்தால் குப்பியைக் கழுவினாயா என்றுதான் முதலில் கேட்டிருப்பேன்.

சந்தேகம் ஒன்று: மீட்டர்

இதைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். ஆழ்கடலில் வைப்பது ஆப்டோடு என்கிற ஒளிச் சென்சார், ஒரு சாயப் பூச்சின் மேல் வெளிச்சம் அடித்து அது எத்தனை ஒளிர்கிறது என்று பார்க்கும், ஆக்சிஜன் அதிகமானால் ஒளிர்வு மங்கும். கேலிப்ரேஷன் தவறினால் எண் தள்ளிப்போகும். ஆனால் வேறு வேறு பயணங்களில், திருப்பி அனுப்பிச் சோதித்த பிறகும், அதே திசையில் ஏறுகிறது, வின்க்லரும் ஆமாம் என்கிறது. மீட்டர் குற்றவாளி இல்லை.

சந்தேகம் ரெண்டு: வின்க்லருக்குள் ஒளிந்திருக்கும் மாங்கனீசு

இது லேப்காரர்களுக்கு மட்டும் உறைக்கிற சந்தேகம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1888இல் ஹங்கேரிக்காரர் லாயோஷ் வின்க்லர் கண்டுபிடித்த முறை இது, நூற்று முப்பது வருசத்துக்கும் மேலாகியும் இன்றைக்கும் மீட்டர்களைச் சரிபார்க்கும் தராசு இதுதான். குப்பியில் தண்ணி நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டும், அயோடைடு கலந்த காரமும் விடுவோம். ஆக்சிஜன் இருந்தால் வெள்ளையாக விழவேண்டிய படிவு பழுப்பாகும். மாங்கனீசு ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். ஆசிட் விட்டால் அந்தப் பழுப்பு மாங்கனீசு அயோடைடிலிருந்து அயோடினை விடுவிக்கும், தண்ணி டீ நிறத்துக்கு வரும். தயோசல்பேட் சொட்டுச் சொட்டாக விட்டு, ஸ்டார்ச் போட்டு, நீலம் மறையும் வரை எண்ணினால் ஆக்சிஜன் கணக்கு வந்துவிடும். (சாயத்தண்ணியே நீலமாக வந்தால் இந்த நீலம் எப்போது மறைந்தது என்று கண்டுபிடிப்பது தனிக் கலை. அதில் நான் பட்ட பாடு வேறு பதிவு.)

இப்போது யோசியுங்கள். வின்க்லர் முறையே பழுப்பு மாங்கனீசை எண்ணுவதுதான். சாம்பிளில் ஏற்கெனவே பழுப்பு மாங்கனீசுத் தூள் மிதந்தால்? அதுவும் அயோடைடைத் தின்று அயோடினைக் கொடுக்கும், ஆக்சிஜன் இல்லாமலே ஆக்சிஜன் இருப்பதாகக் கணக்கு ஏறும். நீர் ஆய்வு படித்த எவருக்கும் தெரிந்த இடைஞ்சல் இது. அப்படியிருக்க, மாங்கனீசுக் கட்டிகள் நிறைந்த பெட்டியிலிருந்து எடுத்த தண்ணியை மாங்கனீசை எண்ணும் முறையில் அளந்திருக்கிறார்கள்!

கொஞ்ச நேரம் கேஸை முடித்துவிட்டோம் என்றுதான் எனக்கும் இருந்தது. ஆனால் நிற்காது. ஒளிச் சென்சாருக்கு மாங்கனீசுத் தூள் ஒரு பொருட்டே இல்லை. தூள் ஏமாற்றினால் வின்க்லர் மட்டும் ஏற வேண்டும், சென்சார் இறங்க வேண்டும். ரெண்டும் சேர்ந்து ஏறினதால் தூளும் தப்பித்துவிட்டது. ரெண்டு முறை வைத்து அளப்பதன் அருமை இதுதான், ஒன்றை ஏமாற்றுவது இன்னொன்றை ஏமாற்றாது.

ஆக, பெட்டிக்குள் ஆக்சிஜன் ஏறியது நிஜம் என்றே வைத்துக்கொள்கிறேன். வாளியில் 4.5 இருந்தது நிஜம் என்பது மாதிரி.

சந்தேகம் மூணு: குமிழி

கேஸின் உயிர் இங்கேதான். காற்றுக்குமிழி ரெண்டு முறையையும் ஒரே சமயத்தில் ஏமாற்றும், ஏனென்றால் அது அளவீட்டை ஏமாற்றுவதில்லை, தண்ணியையே மாற்றிவிடுகிறது. பிஓடி குப்பியின் மூடி ஏன் சாய்வாகக் கடைந்திருக்கிறது? அடைக்கும்போது குமிழி தங்காமல் வழுக்கி வெளியே போகத்தான். கழுத்தோரம் கடுகளவு குமிழி நின்றாலும் அந்தக் குப்பியைக் கொட்டிவிட்டு மறுபடி பிடிக்கச் சொல்வது லேப்பில் சேர்ந்த முதல் நாள் பாடம்.

கப்பலிலிருந்து பெட்டி இறங்கும்போது மேலே, மூலையில், குழாய்க்குள் கொஞ்சம் காற்று மாட்டிக்கொண்டு கூடவே போய்விட்டது, அதுதான் கரைந்து கணக்கைக் கூட்டியது என்பது விமர்சகர்களின் வாதம். அதே மண்டலத்தில் வேறு குழுக்கள் இறக்கிய பெட்டிகளில் ஆக்சிஜன் ஒழுங்காகக் குறைந்துதான் இருக்கிறது, உங்களுக்கு மட்டும் ஏன் ஏறுகிறது என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெட்டிக்குள் 5 லிட்டர் தண்ணி அடைபட்டது என்று வைத்துக்கொள்வோம் (கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்தான்). 5.9ஐ 26க்கு ஏற்ற 100 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். தரைமட்டத்தில் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 275 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும். ஆக முந்நூற்றைம்பது மில்லி சொச்சம் காற்று, அதாவது ரெண்டு டம்ளருக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு காற்றை யாரும் கவனிக்காமல் விடுவார்களா என்றால் கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் 6.4 வரை மட்டும் ஏறிய பெட்டிக்குப் பத்து மில்லிகூட வேண்டாம், ஒரு மருந்து மூடி அளவு போதும். பத்து மில்லி ஒளிந்துகொள்ள அந்த மாதிரிக் கருவியில் இடமா இல்லை?

கணக்கின் மறுபாதி இன்னும் ருசியானது. நாலாயிரம் மீட்டரில் அழுத்தம் சுமார் 400 மடங்கு. அந்த ரெண்டு டம்ளர் காற்று கீழே போய்ச் சேரும்போது ஒரு மில்லிக்கும் கீழே, புளியங்கொட்டை அளவுக்குச் சுருங்கிவிடும். அத்தனை அழுத்தத்தில் குமிழி தண்ணிக்குள் வெகு சீக்கிரம் கரையும். இறங்குவதற்கே ஒன்றிரண்டு மணி நேரம், அதுவரை பெட்டியின் அடி திறந்துதான் இருக்கிறது. அப்படியானால் குமிழி வழியிலேயே கரைந்து கடலோடு போயிருக்க வேண்டும், அல்லது பெட்டி அடைந்தவுடனே சடாரென்று ஏறி நின்றிருக்க வேண்டும். அளந்ததில் ஆக்சிஜன் மணிக்கணக்கில் மெதுவாக ஏறியிருக்கிறது. இது ஸ்வீட்மேன் பக்கம் சாய்கிற சாட்சி. குறுகலான ஒரு குழாய்க்குள் மாட்டிய காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தால் அதுவும் மெதுவாகத்தான் ஏறும் என்று எதிர்க்கட்சி வக்கீல் சொல்லலாம். சொல்லட்டும்.

சந்தேகம் நாலு: கல்லே பேட்டரியா?

கப்பலில் சேற்றையும் கட்டிகளையும் வைத்து, மெர்க்குரிக் குளோரைடு ஊற்றி நுண்ணுயிரையெல்லாம் கொன்றுவிட்டும் பார்த்திருக்கிறார்கள், அப்போதும் ஆக்சிஜன் வந்திருக்கிறது. ஆக உயிர்கள் செய்கிற வேலை இல்லை என்று ஒதுக்கினார்கள். அப்புறம் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஃப்ரான்ஸ் கைகர் கட்டிகளின் மேல் மின்முனை வைத்து அளந்தார். சில இடங்களுக்கு நடுவே 0.95 வோல்ட் வரை காட்டியது. கட்டிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கிடந்தால் பேட்டரி அடுக்கின மாதிரி வோல்ட் கூடி, கடல்நீரைப் பிளந்து ஆக்சிஜன் வரலாம் என்பது அவர்கள் யோசனை.

கோயமுத்தூரில் நிக்கல் பிளேட்டிங் ஷாப் வைத்திருக்கும் மச்சானிடம் இதைச் சொன்னேன். அவன் சிரித்தான். தண்ணியைப் பிளக்கப் புத்தகக் கணக்குப்படியே 1.23 வோல்ட் வேண்டும், நடைமுறையில் ஒன்றரைக்கும் மேலே. தனித்தனி செல்லாக இன்சுலேஷன் போட்டு அடுக்கினால்தான் வோல்ட் கூடும். உப்புத் தண்ணியில் முங்கிக் கிடக்கிற கற்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் எல்லாம் ஷார்ட் ஆகித்தான் கிடக்கும். “மாப்ள, அப்படி நடக்குதுன்னா நான் ரெக்டிஃபயரைக் கழட்டி வித்துப்போடுவேன்” என்றான். பிளேட்டிங்குக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி அது.

அவன் சொல்லாத இன்னும் ரெண்டு விஷயம் உண்டு. எந்த பேட்டரியும் சும்மா ஓடாது. ஓடினால் தீரும். லட்சக்கணக்கான வருசமாகக் கிடக்கிற கல்லுக்கு யார் சார்ஜ் போடுகிறார்கள்? அடுத்தது, தண்ணியைப் பிளந்தால் ஆக்சிஜன் ஒரு பங்கு, ஹைட்ரஜன் ரெண்டு பங்கு வரவேண்டும். ஆக்சிஜன் வந்ததென்றால் ஹைட்ரஜன் எங்கே என்பதுதான் விமர்சகர்கள் விடாமல் கேட்பது. ஒரு விஷயத்தில் மட்டும் கட்டிகளுக்குச் சாதகம் உண்டு: உப்புத் தண்ணியில் சாதாரண மின்முனை வைத்தால் குளோரின்தான் முந்திக்கொண்டு வரும், மாங்கனீசு ஆக்சைடு பூசிய முனையில் ஆக்சிஜன் முந்தும். மாங்கனீசுக்கு அந்தக் குணம் உண்டு என்பது மின்வேதியியலில் பழைய செய்தி.

என் தீர்ப்பைக் கேட்டால், பெட்டிக்குள் ஆக்சிஜன் ஏறியது, சரி. கல் பேட்டரியாகி அதைச் செய்தது என்பதற்கு இப்போது இருக்கிற சாட்சி போதாது. ரெண்டையும் ஒரே மூச்சில் சொன்னதுதான் பிரச்சினை. ஒன்று அளவீடு, இன்னொன்று யூகம். செய்தியில் வரும்போது ரெண்டும் ஒட்டிக்கொண்டு ‘கல் ஆக்சிஜன் செய்கிறது’ ஆகிவிட்டது.

யாருக்கு என்ன வேலை இதில்

இந்த ஆய்வுக்குப் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தது தி மெட்டல்ஸ் கம்பெனி என்கிற கனடா நிறுவனம். அந்தக் கட்டிகளை வாரி எடுக்கத் துடிக்கிற அதே கம்பெனி. சுற்றுச்சூழல் ஆய்வுக்காகக் காசு கொடுத்தார்கள், வந்த முடிவு பிடிக்கவில்லை, அவர்களே எதிர்த்து எழுதினார்கள். இதை வைத்து ‘கம்பெனிக்காரன் எதிர்க்கிறான், அப்ப உண்மைதான்’ என்று ஒரு கூட்டம் பேசுகிறது. அது சரியான வாதமே இல்லை. வாளியை ஆட்டினாயா என்று கேட்டவர் முதலாளியாக இருந்தாலும் கேள்வி கேள்விதான்.

ஆக்சிஜன் கதை பொய்யாகவே போனாலும் கட்டிகளை எடுக்கலாமா கூடாதா என்பது தனிக் கேள்வி, அதற்கு வேறு சாட்சிகள் இருக்கின்றன. 1979இல் அதே மண்டலத்தில் ஒரு சோதனை எந்திரத்தை ஓட்டிப் பார்த்தார்கள். 44 வருசம் கழித்துப் போய்ப் பார்த்தவர்களின் ஆய்வு 2025 மார்ச்சில் ‘நேச்சர்’ இதழில் வந்தது. எந்திரம் ஓடிய தடம் அப்படியே இருக்கிறது, சில சின்ன உயிர்கள் திரும்பக் குடியேறத் தொடங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். நம் ஊரில் உழுத காட்டை ஒரு மழை அழித்துவிடும். அங்கே மழையும் இல்லை, காற்றும் இல்லை. பெரு நாட்டுக் கடலில் 1989இல் ஆராய்ச்சிக்காகவே கீறிவிட்ட உழவுத் தடம் 2015இல் போனபோதும் அழியாமல் கிடந்தது. அந்த மண்டலத்தில் இருப்பதாக 2023இல் கணக்கிட்ட ஐயாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் உயிரினங்களில் பத்தில் ஒன்பதுக்கு இன்னும் பெயரே வைக்கவில்லை. கட்டியின் மேலேயே ஒட்டி வாழ்கிற உயிர்களும் உண்டு. கட்டியை எடுத்தால் அவற்றுக்கு வீடு போச்சு, புது வீடு முளைக்கப் பல பத்து லட்சம் வருசம். எடுப்பதை எதிர்ப்பவர்கள் இந்த உறுதியான சாட்சிகளை விட்டுவிட்டு ஆட்டம் காணும் ஆக்சிஜனைப் பிடித்துத் தொங்குவது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படவில்லை.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1981 ஜனவரியில் ‘கவேஷணி’ என்ற கப்பல் அரபிக்கடலிலிருந்து முதல் கட்டிகளை எடுத்தது. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் ஆய்வு செய்ய சர்வதேசக் கடலடி ஆணையத்தோடு 2002இல் ஒப்பந்தம் போட்டோம். சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் செய்த ‘வராஹா’ எந்திரத்தை 2021இல் 5,270 மீட்டர் ஆழத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். அதே வருசம் ஆழ்கடல் இயக்கத்துக்கு 4,077 கோடி ஒதுக்கப்பட்டது. ‘மத்ஸ்யா 6000’ என்ற ஆள் ஏறும் நீர்மூழ்கி 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் தண்ணியில் இறக்கிச் சோதிக்கப்பட்டது. மோட்டாரும் பம்ப்பும் பேட்டரி வண்டியுமாக ஓடுகிற நம் கொங்குப் பக்கத்துக்கு நிக்கலும் கோபால்ட்டும் தூரத்துச் செய்தி இல்லை.

தோண்டலாமா என்பதற்குச் சர்வதேச விதிமுறை இன்னும் முடிவாகவில்லை, 2025 ஜூலைக் கூட்டமும் முடிவில்லாமல் கலைந்தது. அதற்கு மூணு மாதம் முன்பே, ஏப்ரலில், அமெரிக்க அதிபர் தன் நாட்டு வழியாகவே அனுமதி கொடுக்க உத்தரவு போட்டுவிட்டார், மெட்டல்ஸ் கம்பெனி அதே மாதம் விண்ணப்பமும் போட்டுவிட்டது. அவசரம் யாருக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கையில் விட்டால்

முதலில் ஆர்கானை அளக்கச் சொல்வேன். காற்றுக்குமிழி கரைந்தால் ஆக்சிஜன் மட்டும் தனியாக வராது, காற்றில் இருக்கும் நைட்ரஜனும் ஆர்கானும் அதே விகிதத்தில் கூடவே ஏறும். ஆர்கானை எந்தக் கல்லும் செய்யாது, எந்தப் புழுவும் தின்னாது. ஆக்சிஜன் மட்டும் ஏறி ஆர்கான் அசையாமல் நின்றால் குமிழிக் கதை அன்றோடு முடிந்தது. ரெண்டும் சேர்ந்து ஏறினால் கல் கதை முடிந்தது.

அடுத்தது ஐசோடோப்பு, அதாவது ஒரே தனிமத்தின் கனம் வேறுபட்ட வகைகள். காற்றிலுள்ள ஆக்சிஜனில் கனமான வகை, கடல்நீரில் உள்ளதைவிட ஆயிரத்துக்கு 23 சொச்சம் பங்கு அதிகம். தண்ணியைப் பிளந்து வந்த ஆக்சிஜனுக்கும் காற்றிலிருந்து கரைந்த ஆக்சிஜனுக்கும் கைரேகை வேறு. மூணாவது, ஹைட்ரஜன். இவை எல்லாம் புதிய வித்தை இல்லை, கருவி இருக்கிறது, ஆள் இருக்கிறது.

போன மாதம் கொடுமுடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அந்த ஆபரேட்டர் அண்ணனைப் பார்த்தேன். வேலையை விட்டுவிட்டு மஞ்சள் வெள்ளாமை பார்க்கிறார். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டே இந்தக் கதை முழுக்கக் கேட்டார். கடலடி, கருப்புக் கட்டி, 26 மில்லிகிராம், பேட்டரி எல்லாம் சொன்னேன். பேட்டரிக்கு ஒன்றும் சொல்லவில்லை.

“அந்தப் பொட்டிய எறக்கறப்ப வாய் கீழ பாத்திருக்குமா, மேல பாத்திருக்குமா?”

“கீழ பாத்துதான்ணா. அடி தொறந்திருக்கும், சேத்துக்குள்ள அழுந்தோணுமில்ல.”

“சொம்பக் கவுத்து முக்குன மாதிரி.”

“காத்துப் போறதுக்கு மேல வால்வு வெச்சிருக்காங்களாம்ணா.”

“வெச்சிருப்பாங்க. நம்ம ப்ளோயருக்குந்தான் அலாரம் வெச்சிருந்துச்சு.” வெற்றிலையை இந்தப் பக்கம் ஒதுக்கிக்கொண்டார். “ஒண்ணு பண்ணச் சொல்லுங்க. அதே கப்பல்ல, அதே நாள்ல, பொட்டிக்கு அடில கல்லே இல்லாம தகரத்தக் குடுத்து அடச்சு, வெறுந்தண்ணியோட ஒருக்கா எறக்கச் சொல்லுங்க. அதுலயும் ஏறுச்சுன்னா, கல்லு மேல பழி போடறத நிறுத்திப்போட்டு வாளிக்காரனக் கூப்புடச் சொல்லுங்க.”